பார்ட்டும் பாத்திரமும்: நாடகக் கம்பெனிச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

தமிழ் நாடகக் கலைஞர்களின் தன்வரலாறுகளைப் பிறமொழிகளில் பெயர்க்க முற்படுவோரை முதலில் தடுத்து நிறுத்தும் சொல் 'பார்ட்' என்பதாகும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பாலபார்ட் எனக் கூட்டுச்சொற்களாக வழங்கும் இது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். எனவே அதனை மீண்டும் ஆங்கிலத்தில் இடுவதில் சிக்கல் இராது எனத் தோன்றும். தமிழிலேயே விளக்க வேண்டின் 'பாத்திரம்' என்றோ 'வேடம்' என்றோ எழுதி அமையலாம் எனவும் தோன்றும். இவை எவையும் பொருந்துவதில்லை. பாத்திரம் நாடகத்துக்கு உரியது. பார்ட் நடிகனுக்கு உரியது. கோவலனும் அரிச்சந்திரனும் சத்தியவானும் பாத்திரங்கள். இம்மூன்றையும் மூன்று இரவுகளில் ஏற்கும் ஒருவரின் பார்ட் ராஜபார்ட். படுதா விழுந்ததும் பாத்திரம் முடிந்துவிடுகிறது. பார்ட்டோ மறுநாள் காலையில் அவருக்குக் கிடைக்கும் மதிப்பிலும், மாத இறுதியில் கிடைக்கும் ஊதியத்திலும் தொடர்கிறது. 'அவனுக்குப் பார்ட் போய்விட்டது' என்னும் தொடரை 'அவனுக்குப் பாத்திரம் கிடைக்கவில்லை' என்று பெயர்த்தால், ஒருவனுடைய பிழைப்பே போய்விட்டது என்னும் செய்தி மறைந்துவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு நேரான வழக்கு இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாடகக் குழுக்களில் ஒவ்வொரு நடிகரும் ஒருவகைப் பாத்திரங்களுக்கென்றே அமர்த்தப்பட்டார். அவ்வகை அவருடைய 'லைன்' எனப்பட்டது. பிரெஞ்சு அரங்கில் இதனை 'எம்ப்ளுவா' என்றனர். வேலை என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருத்தல் கருதத்தக்கது. பார்ட் என்பதற்கு ஆங்கிலச் சொல்லைத் தேடுவோர் அதன் ஒலியைப் பின்பற்றாது இவ்வழக்குகளின் பக்கம் திரும்புவதே பயன் தரும்.

தமிழில் இச்சொல் இப்பொருளில் வேரூன்றிய களம் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனிகளாகும். அவற்றுள் சிறுவர்களை மட்டுமே நடிகர்களாகக் கொண்டவை 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்டன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் ஆசிரியராக இருந்து நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா அத்தகையது. தி. க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. உடன்பிறந்தோரும் அவருடன் சேர்ந்தனர். சுவாமிகள் 1922இல் மறைந்தார். சகோதரர்கள் 1925இல் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்னும் பெயரில் தம் கம்பெனியைத் தொடங்கினர். 1972இல் வெளிவந்த சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இவ்வுலகின் அன்றாடத்தை அறிவதற்கு இன்றியமையாத நூல். மேடைக்குப் பின்னே வழங்கிய சொற்களுக்கும் அதுவே நல்ல களஞ்சியம்.

பெயர்ப்பலகையில் எழுதப்பட்ட பெயருக்கும் வாயில் வழங்கிய பெயருக்கும் இருந்த தொலைவு இங்குக் கருதத்தக்கது. பலகையில் நீண்ட வடமொழித் தொடரும் 'சபா' என்னும் முடிவும் இருந்தன. உள்ளே இருந்தோர்க்கும் ஊராருக்கும் அது 'கம்பெனி' மட்டுமே. கம்பெனி என்பது குழுவை மட்டும் குறிக்கவில்லை. தங்கும் வீட்டையும், உண்ணும் பந்தியையும், கேட்டு நடக்க வேண்டிய அதிகாரத்தையும் சேர்த்தே குறித்தது. 'கம்பெனியில் வளர்ந்தவன்' என்னும் தொடரில் வரும் கம்பெனியை வணிக நிறுவனமாகவோ நாடகக் குழுவாகவோ பெயர்த்தால் 'வளர்ந்தவன்' என்னும் சொல் அந்தரத்தில் நிற்கும்.

கம்பெனி வீட்டின் பகற்பொழுது பாடத்துக்கு உரியது. 'பாடம்' என்பது ஒரு நடிகன் மனப்பாடம் செய்ய வேண்டிய வசனமும் பாட்டும் சேர்ந்த தொகுதி. பிராயம் நிரம்பாத பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவு குறைவாதலால், வாத்தியார் சொல்லச் சொல்ல நெட்டுருச் செய்வதே முறை. நூல்களின் பாடபேதம் பற்றிப் பேசும் ஆய்வாளர் இந்தப் பாடத்தையும் கருத்திற்கொள்ளல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் அச்சேறுமுன் நெடுங்காலம் சிறுவர்களின் நினைவிலும் கையெழுத்துப் படிகளிலுமே வாழ்ந்தன. ஒரு கம்பெனியிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிப்போன பிள்ளை தன்னுடன் ஒரு பாடத்தையும் கொண்டு சென்றான். உரிமையாளர்கள் இதனைத் திருட்டாகக் கருதியதில் வியப்பில்லை.

'வாத்தியார்' என்னும் சொல்லும் எளிதில் பெயராது. உபாத்தியாயர் என்பதன் திரிபாகிய இது பள்ளி ஆசிரியரையும் புரோகிதரையும் குறிப்பது. கம்பெனியிலோ நாடகத்தை எழுதியோ, பாடம் சொல்லியோ, ஆட்டுவித்தோ, அடித்தோ உருவாக்கும் ஒருவரைக் குறித்தது. பிற்காலத்து 'இயக்குநர்' இதற்கு ஈடாகமாட்டார். இயக்குநர் ஒரு நாடகத்துக்குப் பொறுப்பானவர். வாத்தியார் ஒரு பிள்ளைக்குப் பொறுப்பானவர். கன்னடத்துக்குப் பெயர்க்கும்போது இத்தொல்லை இல்லை. அங்கு நாடகம் பயிற்றுபவர் 'மேஷ்ட்ரு' எனப்படுகிறார். அதுவும் பள்ளி ஆசிரியரைக் குறிக்கும் சொல்லே. 'பார்ட்டு மாடு' என நடித்தலைச் சொல்வதும், 'கம்பனி நாடக' என ஒரு நாடக வகையையே சுட்டுவதும் கன்னடத்தில் இயல்பான வழக்குகள்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. பெங்களூரு ஸ்ரீராம்புரம் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில் இவ்விரு மொழிகளும் ஒரே தெருவில் வழங்குகின்றன. அவ்வாறே நாடகக் கம்பெனிகளும் மொழி எல்லைகளைப் பொருட்படுத்தாது சென்றன. பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ணமாசார்லுவின் தெலுங்கு நாடகக் குழுவைக் கண்டதன் விளைவாகவே 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். 1884இல் குப்பியில் தொடங்கிய கம்பெனி பின்னர்க் குப்பி வீரண்ணாவின் தலைமையில் கன்னட நாட்டின் பெருங்கம்பெனியாயிற்று. அதன் 'குருக்ஷேத்ர' நாடகத்தில் யானையும் குதிரையும் மேடையேறின. இத்தகைய பயணங்களால் தொழிற்சொற்கள் பொதுவாயின. ஆகவே ஸ்ரீராம்புரத்து மொழிபெயர்ப்பாளர் கன்னடத்துக்குப் பெயர்க்கையில் அடிக்குறிப்பின்றிக் கடக்கும் இடங்களில் ஆங்கிலத்துக்குப் பெயர்ப்போர் அரைப்பக்கம் விளக்க நேர்கிறது.

சொற்களின் பிறப்பிடத்தை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. மேடையில் கண்ணுக்குத் தெரிவனவற்றுக்குப் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள்: பார்ட், சீன், டிராப், பபூன். ஊர்விட்டு ஊர் செல்வதற்கும் பணம் ஈட்டுவதற்கும் பாரசீக, அரபு மூலச் சொற்கள்: முகாம், வசூல். 'அயன்' என்பதும் இவ்வகையினது. முதல்தரச் சரக்கை அயன் சரக்கு என்பது வணிகர் வழக்கு. அதுவே 'அயன் ராஜபார்ட்', 'அயன் ஸ்திரீபார்ட்' என நடிகரின் தரத்தையும் குறித்தது. ஆளையும் சரக்கையும் ஒரே அளவுகோலால் அளந்த வழக்கு இது. பயிற்சிக்கும் உடலுக்கும் உணவுக்கும் உரியவை தமிழும் பழகிய வடசொற்களுமாக நின்றன. இப்பகுப்பு முற்றும் செறிவானதன்று. பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கை நினைவூட்டும் 'படுதா' மேடையில் தொங்குவதாயினும் பாரசீகச் சொல்லே.

'சீன்' என்பதில் மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழுதல் எளிது. கம்பெனி வழக்கில் அது பெரும்பாலும் காட்சியைக் குறிப்பதில்லை. எழுதப்பட்ட பின்படுதாவைக் குறிக்கும். தர்பார் சீன், தெருச் சீன், காட்டுச் சீன் என்பவை சுருட்டிக் கட்டி அடுத்த ஊருக்கு ஏற்றிச் செல்லத்தக்க பொருள்கள். 'காட்டுச் சீன் கிழிந்துவிட்டது' என்னும் தொடரில் கிழிந்தது துணி. கம்பெனியின் முதலீட்டில் பெரும்பகுதி இத்துணிகளிலும் உடைகளிலுமே முடங்கிக் கிடந்தது. வசூல் இல்லாத ஊரில் கடன் ஏறியபோது ஈடாக நின்றவையும் இவையே.

இனி, இவ்வுலகில் எல்லாச் சொற்களினும் கனமானது 'மகரக்கட்டு'. ஆண்பிள்ளைகளுக்குப் பருவம் மாறும் காலத்தில் குரல் உடைந்து கரகரப்பதை இது குறிக்கும். அகராதிப் பொருள் இவ்வளவே. பாய்ஸ் கம்பெனியில் இது ஒரு தீர்ப்பு. நாடகம் முழுவதும் பாட்டாக இருந்த காலம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகை. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவனுக்கும் எட்ட வேண்டிய குரல். நடிகரின் தகுதி அவர் எத்தனை 'கட்டை'யில் பாடுகிறார் என்பதால் அளக்கப்பட்டது. கட்டை என்பது ஆர்மோனியத்தின் சுருதிக்கட்டை. ஐந்து கட்டை என்பது மேலைநாட்டு முறையில் 'ஜி' என்னும் சுருதிக்கு நிகர். அதனை மரத்துண்டாகக் கொண்டு பெயர்த்தல் நகைப்புக்கிடமாகும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை உயர்ந்த கட்டையில் பாடி அயன் ஸ்திரீபார்ட்டாக விளங்கிய பிள்ளை, சில மாதங்களில் பாட இயலாதவனாகிறான். தாயும் தந்தையும் அவன் ஊதியத்தை எதிர்நோக்கி இருக்கக்கூடும். பள்ளிக்கல்வியோ வேறு தொழிலோ அவனிடம் இல்லை. பார்ட் அடுத்த பிள்ளைக்குச் செல்லும். அவன் சிறுவேடங்களுக்கு இறங்குவான், அல்லது வீடு திரும்புவான்.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் புகழ்பெற்ற பி. யு. சின்னப்பா குரல் உடைந்த பின் கம்பெனியை விட்டு விலகினார். இசைப்பயிற்சியும் உடற்பயிற்சியும் பெற்றுப் பின்னர் மேடைக்கும் திரைக்கும் திரும்பினார். அவ்வாறு திரும்பியோர் பெயர்களே வரலாற்றில் எஞ்சியுள்ளன. திரும்பாதோர் தொகை பெரிதாகவே இருத்தல் வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவைப் போல் வளர்ந்த பின்னும் உயர்ந்த கட்டையில் பாடியோர் அரியர். ஆகவே தன்வரலாறு ஒன்றில் 'அவ்வாண்டு எனக்கு மகரக்கட்டு வந்தது' என்று வருமிடத்தில், ஆங்கிலத்தில் குரல் உடைந்தது என்று மட்டும் எழுதினால், அடுத்த பத்தியில் அச்சிறுவன் ஏன் அழுதான் என்பது வாசகருக்கு விளங்காது.

'ஸ்திரீபார்ட்' என்பதன் பாலும் காலத்துக்கேற்ப மாறுகிறது. பாய்ஸ் கம்பெனியில் அது சிறுவன், வளர்ந்தோர் குழுக்களில் பெண்வேடமிட்ட ஆடவன், பின்னர்ப் பெண். சிவாஜி கணேசனும் இளமையில் பெண்வேடங்கள் ஏற்றவரே. சண்முகம் தாம் ஏற்ற ஔவையார் வேடத்தால் 'அவ்வை' என்னும் அடைமொழியைப் பெற்றார். 1996இல் ஒரு திரைப்படத்தின் தலைப்பில் அது மீண்டும் பெண்ணாயிற்று. தமிழ் மூலத்தில் 'ஸ்திரீபார்ட் வந்தார்' என மரியாதைப் பன்மை பாலை மறைத்து நிற்கும். ஆங்கிலத்தில் அவனா, அவளா எனத் தேர்ந்தே ஆகவேண்டும். நிகழ்ச்சியின் ஆண்டும் குழுவும் அறியாமல் தேர்தல் இயலாது.

கம்பெனிகள் தளர்ந்தபோது பார்ட் அழிந்துவிடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை இன்றும் இரவு முழுதும் நடத்திவரும் 'ஸ்பெஷல் நாடகம்' அதன்மேலேயே நிற்கிறது. இங்கு ஸ்பெஷல் என்பது சிறப்புடைமையைக் குறிப்பதன்று. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே, அவ்வோர் இரவுக்கென்றே பேசி அமர்த்தப்படுவதைக் குறிப்பது. 'சிறப்பு நாடகம்' என்னும் தமிழாக்கம் இதனை அறவே இழக்கிறது. மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களின் நடிகர் சங்கங்களைச் சார்ந்த கலைஞர்கள் ஏஜெண்டு வழியாக ஒப்புக்கொண்டு, தத்தம் உடைப்பெட்டியுடன் திருவிழா நடக்கும் ஊருக்குச் செல்வர். வள்ளியும் முருகனும் அன்றுதான் ஒருவரை ஒருவர் முதன்முறை காணவும் கூடும். ஒத்திகை கிடையாது. இருப்பினும் நாடகம் விடியும்வரை நடக்கிறதெனின், ராஜபார்ட் என்பவர் இன்னின்ன பாட்டும் வசனமும் தர்க்கமும் அறிந்தவர் என்னும் உடன்பாடே காரணம். கம்பெனியில் தரத்தைக் குறித்த சொல் இங்கு ஒப்பந்தமாகவே மாறியுள்ளது.

பக்கவாத்தியத்திலும் இதே நிலை. 'பின்பாட்டு' எனப்படுபவர் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுபவர், குழுப்பாடகர் அல்லர். 'ஆல்ரவுண்டு' என்பது எல்லாம் வல்லவரைக் குறிக்காது. தாளமும் சண்டை ஒலியும் தரும் பல கருவிகளின் தொகுதியையும் அதனை இயக்குபவரையும் குறிக்கும். ஆங்கில வடிவிலிருக்கும் சொல்லே ஆங்கிலத்துக்குப் பெயர்ப்போரை மிகுதியும் ஏமாற்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி சூசன் செய்சர் ஆங்கிலத்தில் எழுதி 2005இல் வெளிவந்த நூல், ராஜபார்ட் போன்ற சொற்களைப் பெயர்க்காமல் ஒலிபெயர்த்தே ஆள்கிறது. நடிகைகள் ஊர்ப்பயணத்தில் எதிர்கொள்ளும் இழிசொற்களையும், அவற்றைத் தவிர்க்க அவர்கள் மேற்கொள்ளும் ஒழுங்குகளையும் அவர் விரிவாக ஆராய்கிறார். 'கூத்தாடி' என்று ஊரார் ஏசுவதும், 'கலைஞர்' என்று அவர்கள் தம்மைக் குறிப்பதும் ஒரே தொழிலுக்கான இரு பெயர்கள் என மொழிபெயர்ப்பாளர் ஒன்றாக்கிவிடுதல் தகாது.

'கள்ளபார்ட்' என்பதில் மட்டும் தமிழரும் தடுமாறுவர். கள்ளநோட்டு, கள்ளக்கையெழுத்து என்பனபோல் இதனைப் போலியான பார்ட் என்று கொள்வாருண்டு. கள்வன் வேடம் தாங்குபவரின் பார்ட் என்பதே பொருள். அதில் பெயர்பெற்ற ஒருவர் திரையுலகிலும் கள்ளபார்ட் நடராஜன் என்றே அறியப்பட்டார். அவ்வடைமொழியில் இழிவு ஏதும் இல்லை. 1973இல் வெளிவந்த 'ராஜபார்ட் ரங்கதுரை' என்னும் படத்தலைப்பிலும் பார்ட் பெயரின் முன்னே பட்டம்போல் நிற்கிறது. ஊர்ப்பெயரும் தந்தைபெயரும் நிற்குமிடத்தில் நிற்கும் இச்சொல்லைக் கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பதா, பெயரின் பகுதியாகக் கொண்டு பெயர்க்காமல் விடுவதா என்பதை ஒவ்வொரு தொடரிலும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டியுள்ளது.