நிறுத்தச் சொல்லும் மரபணு

மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தில், 1998-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்காகச் சில சுண்டெலிகளை வளர்த்தார்கள். பிறந்தபோது குட்டிகளிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. சில நாள்களில் வளர்ச்சி குன்றியது. கல்லீரலில் கொழுப்பு படிந்து திசு சிதைந்தது. மூன்று வாரங்களுக்குள் அவை இறந்துபோயின. யாரும் அவற்றுக்குக் கிருமி எதையும் செலுத்தவில்லை. அவற்றின் உடலிலிருந்து ஒரே ஒரு மரபணுவை மட்டும் நீக்கியிருந்தார்கள். குட்டிகளைக் கொன்றது அவற்றின் சொந்த எதிர்ப்பாற்றல்.

அந்த மரபணுவின் பெயர் சாக்ஸ்-1. நம் ஒவ்வொருவருக்கும் அது உண்டு. 16-ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் இருக்கிறது. அது உருவாக்கும் புரதத்தில் மொத்தம் 211 அமினோ அமிலங்கள்தான். இவ்வளவு சிறிய புரதம் இல்லாமல் போனால் ஓர் உயிரே போகும் என்றால், அது செய்யும் வேலை என்ன?

கிருமி நுழைந்ததும் நம் செல்கள் சைட்டோகைன் எனும் சிறு புரதங்களைச் சுரந்து ஒன்றையொன்று எச்சரிக்கின்றன. இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. காய்ச்சல், உடல்வலி, வீக்கம் ஆகியவற்றுக்குப் பின்னால் இருப்பவையும் இவையே. சைட்டோகைன் செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து அமர்கிறது. உடனே ஏற்பியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜாக் என்ற நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அவை ஸ்டாட் என்ற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய ஸ்டாட், உட்கருவுக்குள் போய், தேவையான மரபணுக்களை இயக்குகிறது. செல்லின் வாசலில் வந்த செய்தி சில நிமிடங்களில் உட்கருவை எட்டிவிடுகிறது.

ஸ்டாட் இயக்கும் மரபணுக்களில் சாக்ஸ்-1-ம் ஒன்று என்பதுதான் வியப்பு. போருக்கு அழைக்கும் செய்தியே, போரை நிறுத்துகிற புரதத்தையும் செய்யச் சொல்கிறது. அழைப்பு எவ்வளவு உரக்க ஒலிக்கிறதோ அவ்வளவு சாக்ஸ்-1 உருவாகும். கட்டுப்பாடு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. செய்திக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது.

உருவான சாக்ஸ்-1 நேராக ஜாக் நொதியிடம் போகிறது. பூட்டுக்குள் பொருந்தாத சாவி ஒன்று மாட்டிக்கொண்டால் சரியான சாவியை நுழைக்க முடியாதல்லவா? அதுபோல, ஸ்டாட் வந்து பொருந்த வேண்டிய பள்ளத்தில் சாக்ஸ்-1-இன் ஒரு சிறு துண்டு போய் அடைத்துக்கொள்கிறது. 2018-இல் வெளியான மூலக்கூறு வடிவப் படம் இந்த அடைப்பைத் தெளிவாகவே காட்டியது. புரதத்தின் மறுமுனைக்கு வேறொரு வேலை: பிடிபட்ட புரதத்தின் மீது யுபிக்விட்டின் என்ற அடையாளத்தைப் பொருத்தும் நொதிக் குழுவை அது கூட்டிவருகிறது. அடையாளம் விழுந்த புரதத்தைச் செல் சிதைத்துவிடும். சாக்ஸ்-1-ம் நெடுநேரம் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அது அழிவதால், அடுத்த எச்சரிக்கையைக் கேட்கச் செல் மறுபடியும் தயாராகிறது.

1997-இல் மூன்று குழுக்கள் வெவ்வேறு வழியில் தேடி இந்த ஒரே மரபணுவை வந்தடைந்தன. மெல்போர்ன் குழு, இன்டர்லூக்கின்-6-க்குக் கட்டுப்படாத செல்களைத் தேடியது. ஜப்பானில் அகிஹிகோ யோஷிமுராவின் குழு, ஜாக் நொதியுடன் ஒட்டிக்கொள்ளும் புரதங்களைத் தேடியது. ஒசாகாவில் டடமிட்சு கிஷிமோட்டோவின் குழு, ஸ்டாட் புரதத்தை ஒத்த பகுதி கொண்ட புரதங்களை ஓர் ஆன்டிபாடியின் உதவியால் தேடியது. மூன்று முடிவுகளும் நேச்சர் இதழில் ஒன்றாக வெளிவந்தன.

எலிக்குட்டிகளின் சாவுக்கான விடை 1999-இல் கிடைத்தது. சாக்ஸ்-1-உடன் காமா இன்டர்ஃபெரான் மரபணுவையும் சேர்த்து நீக்கியபோது குட்டிகள் பிழைத்து வளர்ந்தன. கிருமியோடு போரிடவே உள்ள காமா இன்டர்ஃபெரான், அடக்குவார் இல்லாததால் உடலையே தாக்கியிருந்தது.

மனிதரிடம் இது வேறு விதமாகத் தெரிகிறது. மரபணுக்கள் நமக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக வருகின்றன. 2020-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேரிடம் சாக்ஸ்-1-இன் ஒரு பிரதி பழுதுபட்டிருப்பதைக் கண்டார்கள். பாதி அளவுப் புரதம் போதவில்லை. இளம் வயதிலேயே அவர்களின் எதிர்ப்பாற்றல் சொந்த உடலுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. ஆனால் இதே பழுதோடு நலமாக இருப்பவர்களும் உண்டு. பாதியை வைத்துக்கொண்டு சிலர் சமாளிக்க, சிலர் நோயுறுவது ஏன் என்பது இன்று தீவிரமாக ஆராயப்படும் கேள்வி.

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்கள்’ என்ற குரலைக் கொரோனா காலத்தில் நாள்தோறும் கேட்டோம். அதே காலத்தில், ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றியவர்களிடம் இறப்பைக் குறைத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து. எதிர்ப்பாற்றலின் வேகத்தை அடக்குவதுதான் அதன் வேலை. ஜாக் நொதியைத் தடுக்கும் பாரிசிடினிப்பும் அந்தச் சிகிச்சையில் இடம்பெற்றது. சாக்ஸ்-1 செல்லுக்குள் செய்வதையே இத்தகைய மாத்திரைகள் வெளியிலிருந்து செய்கின்றன. முடக்குவாதத்துக்கும் இவை தரப்படுகின்றன. எதிர்ப்பாற்றல் கூடினால் நல்லது என்ற எண்ணம் பாதி உண்மை மட்டுமே. உரிய நேரத்தில் அடங்கத் தெரிவதும் அந்த ஆற்றலின் ஒரு பகுதி.

புற்றுநோயில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஹாட்ஜ்கின் லிம்போமா போன்ற சில ரத்தப் புற்றுகளில், புற்றுச்செல்களே தங்கள் சாக்ஸ்-1-ஐ இழந்து தடையின்றிப் பெருகுகின்றன. மறுபுறம், புற்றைத் தாக்கும் டி செல்களிலிருந்து சாக்ஸ்-1-ஐ நீக்கினால் அவை இன்னும் தீவிரமாகப் போரிடுவதை ஆய்வுக்கூடங்கள் கண்டிருக்கின்றன. ஆகவே ஒரு நோயாளிக்கு இந்தத் தடையின் வேலையை மருந்தால் செய்ய வேண்டும்; இன்னொருவருக்கு, குறிப்பிட்ட செல்களில் மட்டும் அதை விலக்க வேண்டும். எதை, எந்தச் செல்லில், எவ்வளவு நேரம் என்பதைத் துல்லியமாகத் தீர்மானிக்கக் கற்றுக்கொண்டால், 211 அமினோ அமிலங்கள் தம் போக்கில் செய்துவரும் வேலையில் ஒரு பங்கையாவது மருத்துவம் செய்யத் தொடங்கிவிடும்.