தவணை முடிந்த பணத்தை வேறு பாங்கிற்கு மாற்றும் முறை

தைப்பொங்கல் கழிந்தால் ஆரணி வட்டாரத்தில் இரண்டு வகைப் பணம் கைக்கு வருகின்றது. சம்பா நெல் விற்ற பணம் ஒன்று. முகூர்த்தப் பட்டு நெய்த கூலி மற்றொன்று. முன்னர் போட்டு வைத்த டெபாசிட்டுகளும் பலருக்கு இந்தக் காலத்தில்தான் முதிர்கின்றன. சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லுமிடமெல்லாம் அங்கத்தினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "இங்கே ஆறரை வட்டி, அங்கே ஏழேகால் தருகிறார்களாம். மாற்றிவிடலாமா, ஐயா?"

வட்டியைப் பற்றி அரைமணி நேரம் விசாரிக்கும் இவர்கள், பணம் எந்த வழியாக அங்கே போய்ச் சேரும் என்பதை ஒருவரேனும் கேட்டதில்லை. நஷ்டம் நேர்வது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

ஆரணியை அடுத்த ஒரு கிராமத்து நெசவாளர், மகளின் கலியாணத்திற்கென 1,80,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். தவணை முடிந்தது. கலியாணத்திற்குச் சில மாதங்கள் இருந்தமையால், அதுவரை முக்கால் வட்டி கூடக் கிடைக்கட்டும் என்று வேறொரு பாங்கில் கணக்குத் தொடங்கினார். புதிய கணக்கு எண்ணைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு வந்தார். அண்டைவீட்டுப் பையன் கைப்பேசியில் பணத்தை அனுப்பிக் கொடுத்தான். "பணம் அனுப்பப்பட்டது" என்று செய்தியும் வந்தது. மூன்றாம் நாள் புதிய பாங்கிற்குப் போனால், பணம் வரவே இல்லை என்றார்கள். எண்ணில் 6-உம் 8-உம் இடம் மாறியிருந்தன. யாரோ ஒருவரின் கணக்கில் பணம் விழுந்துவிட்டது.

பெற்றவர் சம்மதித்துத் திருப்பித் தர ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நெசவாளர் நகையை வைத்து, மாதம் நூற்றுக்கு இரண்டு வீதம், அதே தொகையைக் கடன் வாங்கினார். இரண்டு மாத வட்டி 7,200 ரூபாய். ஓராண்டு முழுவதும் வைத்திருந்தாலும் பாங்கை மாற்றியதால் அவர் பெற்றிருக்கக்கூடிய அதிக வட்டி 1,350 ரூபாய்தான்!

இங்கே அறிய வேண்டியது யாதெனில், பாங்கிலிருந்து பாங்கிற்குச் செல்லும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவு வைக்கப்படுகின்றது, பெயரைப் பார்த்தன்று. பெயரைச் சரியாக எழுதிவிட்டோம், தவறு இருந்தால் திரும்பி வந்துவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. இக்குறையைப் போக்கவே, பணம் அனுப்புமுன் அந்த எண்ணுக்குரியவரின் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் 2025 ஏப்ரல் முதல் தேதிக்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் பாங்கு எல்லாப் பாங்குகளுக்கும் உத்தரவிட்டது. பெயர் திரையில் தெரிந்தபின் அனுப்புங்கள். தெரியும் பெயர் தம்முடையதுதானா என்று நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

கணக்கு எண்ணைக் கையால் எழுதி வராமல், புதிய பாங்கின் பாஸ்புத்தகத்தையே வைத்துக்கொள்வது நலம். அதிலேயே பதினோரு எழுத்துள்ள ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் இருக்கும், அதன் ஐந்தாவது எழுத்து எப்போதும் பூஜ்யம். பலர் அதை 'ஓ' என்ற ஆங்கில எழுத்தாகப் போட்டுத் தடுமாறுகிறார்கள். முதலில் நூறு ரூபாய் மட்டும் அனுப்பி, அது பாஸ்புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் கண்டபின் மீதியை அனுப்புக. பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்த பிறகே தறியை ஓட்டுகிறோம். பணத்திற்கு மட்டும் ஏன் அவசரம்?

கைப்பேசிப் பழக்கம் இல்லாதவர் வருந்த வேண்டியதில்லை. பழைய பாங்கிலேயே படிவம் பூர்த்தி செய்து கொடுத்தால் அவர்களே அனுப்புவார்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலுமானால் ஆர்.டி.ஜி.எஸ்.; குறைந்த தொகைக்கு நெஃப்ட். படிவத்தின் நகலில் முத்திரை பெற்றுக்கொள்வது அவசியம். ரொக்கமாக எடுத்துப் பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோவதை மட்டும் அறவே விடுங்கள். "என் கணக்கில் போடுங்கள், நான் கட்டிவிடுகிறேன்" என்று சொல்பவர் உறவினராயினும், பாங்கு ஏஜெண்டு என்று சொல்லிக்கொள்பவராயினும், ஒப்புக்கொள்ளாதீர்கள். தம் பெயரிலுள்ள கணக்கிலிருந்து தம் பெயரிலுள்ள கணக்கிற்கே பணம் செல்ல வேண்டும். டெபாசிட்டு முதிர்ந்துவிட்டது என்று தொலைபேசியில் பேசி ரகசிய எண் கேட்பவன் திருடன். அப்படி எண்ணைச் சொல்லிவிட்டவர், வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்கும் தம் பாங்கிற்கும் தெரிவிக்க வேண்டும்.

தவணை முடியுமுன்னே மாற்ற நினைப்போர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2,00,000 ரூபாய் மூன்று வருஷத்திற்கு ஆறரை வட்டியில் இருக்கிறது. இரண்டு வருஷம் சென்றுவிட்டது என்று கொள்வோம். இடையில் எடுத்தால், ஓடிய காலத்திற்குரிய வட்டியில் அபராதம் கழித்தே தருவார்கள். இரண்டு வருஷ வட்டி அன்று ஆறேகால், அபராதம் ஒன்று, எனவே கிடைப்பது ஐந்தேகால். கூட்டு வட்டியை விட்டுப் பார்த்தால், 26,000 வரவேண்டிய இடத்தில் 21,000 வருகின்றது. புதிய பாங்கு ஏழேகால் தந்தாலும் எஞ்சிய ஒரு வருஷத்தில் கூடுவது 1,500 ரூபாய். ஆக 3,500 ரூபாய் நஷ்டம். முதிர்ந்ததை எடுக்காமல் விட்டுவைப்பதும் நஷ்டமே. 2021-இல் ரிசர்வ் பாங்கு செய்த விதிப்படி, தவணை முடிந்து கேட்பாரற்றுக் கிடக்கும் தொகைக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது பழைய வட்டி, இவற்றுள் எது குறைவோ அதுவே கிடைக்கும்.

இனி, பணம் போய்ச் சேரும் இடம். 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பாங்கு முறிந்ததை அடுத்தே டெபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்தது. 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் பாதுகாப்பு. 2020 பிப்ரவரி 4 முதல் அது ஐந்து லட்சமாக உயர்ந்தது. அசலும் வட்டியும் சேர்த்து, ஒரே பாங்கின் எல்லாக் கிளைகளையும் கூட்டி, ஒருவருக்கு ஐந்து லட்சம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கும் நகரக் கூட்டுறவு பாங்கும் இதில் அடங்கும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் போடும் டெபாசிட்டு அடங்காது. கூட்டுறவு இலாகாவில் உழைக்கும் நான் இதை எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். அங்கத்தினருக்கு மறைத்து வளரும் சங்கம் எனக்கு வேண்டாம். சங்கத்தில் டெபாசிட்டு வைப்போர் பொதுப்பேரவைக்கு வந்து, தணிக்கை அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தபால் நிலைய டெபாசிட்டிற்கு மத்திய அரசே பொறுப்பு.

இவை எவற்றிலும் சேராத இடம் ஒன்றுண்டு. மாதம் நூற்றுக்கு 25, 30 தருவதாகச் சொல்லிச் சென்னையிலிருந்து கிளை பரப்பிய ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின்மீது 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவுப் போலீசார் வழக்குத் தொடுத்தனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானதாகப் போலீசார் கூறினர். நம் பாங்குகள் ஒரு வருஷத்திற்கு ஏழு தரும் நாட்டில், ஒரு மாதத்திற்கு முப்பது எங்கிருந்து வரும் என்று எவரும் கேட்கவில்லை.

பணம் சேர்ந்தபின் டெபாசிட்டு ரசீதைக் கையில் வாங்கி, பெயர், தொகை, வட்டி வீதம், முதிரும் தேதி நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். வாரிசு நியமனம் எழுதப்பட்டுள்ளதா என்றும் கேளுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பின்னர் மனைவிமார் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ரசீதின் முதிர்வுத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்துவிட்டால், அடுத்த முறை பாங்கு தாமாகப் புதுப்பிக்குமுன் நீங்களே முடிவு செய்யலாம்.