கல்லில் ஒரு பஞ்சு!

குழந்தைகளே, பஞ்சு தீப்பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தீயைத் தடுக்கும் பஞ்சும் உண்டு என்றால் நம்புவீர்களா? கப்பல்களின் சுவர்களுக்குள் அது ஒளிந்திருக்கிறது!

முதலில் தீப்பிடித்த பஞ்சின் கதை. பிரான்ஸ் நாட்டின் 'நார்மண்டி' அந்தக் காலத்து மாபெரும் சொகுசுக் கப்பல்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது, படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்காக அமெரிக்கா அதை மாற்றியமைத்துக் கொண்டிருந்தது. 1942 பிப்ரவரி 9ஆம் தேதி, நியூயார்க் துறைமுகத்தில் நின்ற அந்தக் கப்பலுக்குள் இரும்புத் தூண் ஒன்றை வெட்டும் வேலை நடந்தது. தீப்பொறி பறந்து, குவித்து வைத்திருந்த உயிர்காப்பு உடைகளில் விழுந்தது. அவற்றுக்குள் இருந்தது என்ன தெரியுமா? தலையணையில் அடைப்போமே, அதே இலவம்பஞ்சுதான்! குப்பென்று பற்றிக்கொண்டது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். மேல்தளங்களில் தேங்கிய தண்ணீரின் கனத்தால் கப்பல் மெல்ல மெல்லச் சாய்ந்தது. மறுநாள் விடிவதற்குள் ஒரு பக்கமாகப் படுத்தே விட்டது.

மேலே கனம் ஏறினால் கப்பலுக்கு எத்தனை ஆபத்து, பார்த்தீர்களா? அதனால்தான் தீயைத் தடுக்க அங்கே செங்கல் சுவர் எழுப்ப முடியாது. இரும்புச் சுவர் போதாதா என்று கேட்பீர்கள். இரும்பு எரியாதுதான், ஆனால் தோசைக்கல் மாதிரி சூட்டை மறுபக்கம் கடத்திவிடும். அங்கே தொங்கும் திரைச்சீலை தானாகவே பற்றிக்கொள்ளும்!

இங்கேதான் கல்பஞ்சு உதவுகிறது. எரிமலைப் பாறையான பசால்ட்டைச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் பாகாக உருக்கி, வேகமாகச் சுழலும் சக்கரங்கள் மீது ஊற்றுவார்கள். அது மெல்லிய இழைகளாகச் சிதறும். திருவிழாவில் பஞ்சுமிட்டாய் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே வித்தைதான். இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்று, சூட்டை எளிதில் கடத்தாது. கல் என்பதால் எரிவதும் இல்லை. கனமும் குறைவு.

முன்பு கல்நாரைப் பயன்படுத்தினார்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். 2011 முதல் கப்பல்களில் அதைப் புதிதாகப் பொருத்தவே தடை.

உங்களைப் போலவே கல்பஞ்சு பொருத்திய சுவருக்கும் பரீட்சை உண்டு! பெயர் 'ஏ-60'. உலையில் வைத்து ஒரு பக்கம் 60 நிமிடம் சூடாக்குவார்கள். உலைச்சூடு 900 டிகிரியையும் தாண்டும். மறுபக்கத்தின் சராசரிச் சூடு, தொடக்கத்தில் இருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் ஏறினால் ஃபெயில்! அந்த ஒரு மணி நேரத்துக்குள் பயணிகள் உயிர்காப்புப் படகுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், இல்லையா?