பூஜ்ஜியம் போட்டவர் 16 ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கேட்டது ஏன்?

ஓர் ஆல்பத்துக்குப் பத்துக்குப் பூஜ்ஜியம் என்று புள்ளி போட்ட விமர்சகர் ஒருவர், 16 ஆண்டுகள் கழித்து அந்தப் பாடகியிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். அவர் காசு வாங்கிக்கொண்டு எழுதியவர் அல்லர். பொய்யும் எழுதவில்லை. மனதில் பட்டதைத்தான் எழுதினார். பிறகு மன்னிப்பு எதற்கு?

இது அமெரிக்க இண்டி ராக் உலகில் நடந்தது. ‘இண்டி’ என்றதும் இந்தியா சம்பந்தப்பட்ட இசை என்று நம்மவர்களில் சிலர் நினைப்பதுண்டு. அது ‘இண்டிபெண்டன்ட்’ என்ற சொல்லின் சுருக்கம். பெரிய இசை நிறுவனங்களின் பணத்தை நம்பாமல், சிறு நிறுவனங்கள் மூலமாகவோ சொந்தக் கைக்காசிலோ ஆல்பம் வெளியிடும் குழுக்களின் ராக் இசைக்கு அப்பெயர் வந்தது. 1980-களில் கல்லூரி வானொலிகளும், சிறிய மேடைகளும், ரசிகர்களே நகலெடுத்து விநியோகித்த இதழ்களும்தான் இதை வளர்த்தன.

அங்கே பாடுபவருக்கும் எழுதுபவருக்கும் இடையே தூரம் குறைவு. இன்று கிட்டார் வாசிப்பவர் நாளை விமர்சனம் எழுதுவார். உள்ளூர்த் தமிழ் ஆல்பம் ஒன்று வெளியாகும்போது, பாடியவர் பக்கத்து வீட்டுப் பையனாகவோ பள்ளித் தோழராகவோ இருந்தால் புலனக் குழுவில் என்ன எழுதுவோம்? “சூப்பர், வாழ்த்துகள்!” அவ்வளவுதான். இண்டி உலகமும் ஏறக்குறைய ஒரு தோட்டம் போன்றது. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அதனால் அங்கே நேர்மையாக எழுதுவது ஆரம்பம் முதலே சிக்கல்தான். நட்புக்காகப் பாராட்டுவது ஒரு வகைக் குறை. நட்புக்கு அடிமையில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டுமென்றே கடுமையாக எழுதுவது இன்னொரு வகை.

சம்பவத்துக்கு வருவோம். சிக்காகோவைச் சேர்ந்த லிஸ் ஃபேர் முதலில் வீட்டில் ஒலிநாடாவில் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தவர். 1993-இல் மேட்டடோர் என்ற சிறு நிறுவனம் அவருடைய ‘எக்ஸைல் இன் கைவில்’ ஆல்பத்தை வெளியிட்டது. மொத்தம் 18 பாடல்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1972-ஆம் ஆண்டு ஆல்பத்துக்குப் பாட்டுக்குப் பாட்டு பதில் என்று அவரே அதை விவரித்தார். ஆண்கள் நிறைந்த இசைக் கூட்டத்துக்குள் ஓர் இளம்பெண் தன் ஆசை, அவமானம், கோபம் எல்லாவற்றையும் மூடிமறைக்காமல் பாடியது ரசிகர்களை உலுக்கியது. பலருக்கு அது ஏதோ தங்கள் சொந்த நாட்குறிப்பு போல ஆகிவிட்டது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2003-இல், அவர் தம் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். இம்முறை வெளியிட்டது கேப்பிட்டல் என்ற பெரிய நிறுவனம். அவ்ரில் லவின் என்ற பதின்ம வயதுப் பாடகிக்குப் பெரும் வெற்றி தேடித்தந்த மேட்ரிக்ஸ் குழுவினர் சில பாடல்களில் பணியாற்றினர். வானொலிக்கென்றே செய்த பளபளப்பான பாடல்கள் அவை. ‘வொய் கான்ட் ஐ’ என்ற பாடல் அமெரிக்காவின் முதல் 40 பாடல்களில் இடம்பிடித்தது. அப்போது ஃபேருக்கு வயது 36.

பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இதழில் மேட் லீமே என்ற இளைஞர் அந்த ஆல்பத்தை விமர்சித்தார். பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை, அதுவும் தசமப் புள்ளியோடு மதிப்பெண் தருவது அந்த இதழின் வழக்கம். அவர் கொடுத்தது 0.0.

அவர் கோபம் உண்மையானதுதான். போற்றிய ஒரு குரல் கைமாறிப் போய்விட்டதாக உணர்ந்தார். ஆனால் அந்தக் கோபம் எதன்மேல்? பாடல்கள் நன்றாக இருக்கின்றனவா என்பதைவிட, இவர் ஏன் பழைய லிஸ் ஃபேராக இல்லை என்பதே அங்கே வழக்காக இருந்தது. தன் ஏமாற்றத்தை ஆல்பத்தின் குறையாக எழுதிவிட்டார். நேர்மை பற்றிய பேச்சில் பெரும்பாலும் தவறவிடப்படும் இடம் இதுதான். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது உண்மையாக இருக்கலாம். ‘ஆகவே இது மோசம்’ என்று அதிலிருந்து தாவுவது வேறு விஷயம்.

2019 செப்டம்பரில் லீமே டுவிட்டரில் மன்னிப்புக் கேட்டார். தம் எழுத்து மேட்டிமைத்தனமானது என்று ஒப்புக்கொண்டார். இண்டி ராக், வானொலிப் பாப் என்பவை மனிதர் வகுத்துக்கொண்ட பிரிவுகள், ஒரு கலைஞர் இரண்டையும் முகமூடிபோல அணிந்து பார்க்கலாம் என்பது அன்று தமக்குப் புரியவில்லை, ஃபேருக்கோ வெகு முன்பே புரிந்திருந்தது என்பது அவர் சொன்னதன் சாரம். ஃபேர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

எல்லாருக்கும் கதை இப்படி முடியவில்லை. வாஷிங்டன் நகரின் டிஸ்மெம்பர்மென்ட் பிளான் குழுவை இதே பிட்ச்ஃபோர்க் 1999-இல் 9.6 கொடுத்துக் கொண்டாடியது. குழு கலைந்தபின் அதன் பாடகர் டிராவிஸ் மோரிசன் 2004-இல் ‘டிராவிஸ்டன்’ என்ற தனி ஆல்பம் வெளியிட்டார். மதிப்பெண் 0.0. அதன்பின் ரசிகர்களின் முகமே மாறிப்போனது, கடைகளும் கல்லூரி வானொலிகளும் தயங்கின என்று அவரும் அவரை வெளியிட்ட நிறுவனத்தினரும் பின்னர் பத்திரிகையில் வருந்தினர். அதே 2004-இல் கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழுவின் ‘ஃபியூனரல்’ ஆல்பத்துக்கு 9.7 கிடைத்தது. தேவைக்கு ஏற்ப இசைத்தட்டுகளை அனுப்ப முடியாமல் அதை வெளியிட்ட சிறு நிறுவனம் திணறியது. ஒருவர் தம் அறையில் உட்கார்ந்து எழுதியது இன்னொருவரின் பிழைப்பைத் தொடும்போது, ‘இது என் சொந்தக் கருத்து’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கேட்பவர்கள் பெருங்கூட்டமாகச் சேர்ந்தும் தவறிப்போவதுண்டு. வீசர் குழுவின் ‘பிங்கர்டன்’ 1996-இல் வந்தது. ரிவர்ஸ் கோமோ தம் தனிமையையும் அசிங்கமான எண்ணங்களையும்கூட மறைக்காமல் பாடிய ஆல்பம் அது. ரோலிங் ஸ்டோன் இதழின் வாசகர்கள் அதை அவ்வாண்டின் மிக மோசமான ஆல்பங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தனர். நொந்துபோன கோமோ பிற்பாடு அதைத் தாமே பழித்துப் பேசினார். 2004-இல் அதே இதழ் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. பாடல்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கேட்ட காதுகள்தாம் மாறின. முதல் ஆல்பம் போன்ற ஜாலியான பாடல்களை எதிர்பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சையான வாக்குமூலம் பிடிக்கவில்லை.

மாறாக நடந்துகொண்டவர்களும் உண்டு. நியூயார்க்கின் மூத்த விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969-இலிருந்து ஆல்பங்களுக்குப் பள்ளி ஆசிரியர்போல ஏ, பி, சி என்று மதிப்பிட்டு வந்தவர். 1980-களின் தொடக்கத்தில் சோனிக் யூத் குழு அவரைத் தாக்கியே ஒரு பாட்டுப் பாடியது. அதே குழுவின் ‘சிஸ்டர்’, ‘டேடிரீம் நேஷன்’ ஆகிய ஆல்பங்கள் வந்தபோது அவர் கொடுத்தது ‘ஏ’. திட்டியவனின் பாட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதுவதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். கருத்து மாறியபோது பழைய மதிப்பெண்ணைத் திருத்திப் பதிவு செய்வதும் அவருடைய பழக்கம்.

பொதுவாக விமர்சகருக்கு ஆல்பம் வெளியாகும் முன்பே ஒரு பிரதி வந்துவிடும். வெளியாகும் நாளன்று கட்டுரை தயாராக இருக்க வேண்டும். சில நாள்களில் நாலைந்து முறை கேட்டு முடிவுக்கு வர வேண்டிய நெருக்கடி அது. ரசிகரோ அதே பாடலை ஆண்டுக்கணக்கில் காரில், சமையலறையில், இரவு வேலை முடிந்து திரும்பும் பேருந்தில் கேட்கிறார். ஆகவேதான் சொந்த அனுபவத்தில் எழுதும் விமர்சகரிடம் சில விவரங்களை எதிர்பார்க்கலாம். எத்தனை முறை கேட்டார்? அந்தக் குழுவின் பழைய ரசிகரா? குழுவில் யாராவது நண்பரா? எந்தப் பாடலில் மனம் ஒட்டவில்லை, அந்தப் பாடலில் உண்மையில் என்ன நடக்கிறது? இவை தெரிந்தால், கருத்து ஒத்துப்போகாத வாசகரும் அந்த எழுத்தை வைத்துத் தமக்கு அந்த ஆல்பம் பிடிக்குமா என்று கணித்துக்கொள்வார். லீமே 2003-இல் தம் ஏமாற்றத்தை ஏமாற்றம் என்றே எழுதியிருந்தால், அது நல்ல விமர்சனமாகவே அமைந்திருக்கக்கூடும்.

2021 அக்டோபரில் பிட்ச்ஃபோர்க் தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தது. லிஸ் ஃபேரின் அந்த ஆல்பத்துக்கு இம்முறை 6.0 கிடைத்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், ‘கைவில்’ காலத்துத் தயாரிப்பாளர் பிராட் வுட்டுடன் மீண்டும் சேர்ந்து ஃபேர் ‘சோபரிஷ்’ என்ற புதிய ஆல்பத்தை வெளியிட்டிருந்தார்.