பழைய ஜீப் வண்டிக்குக் கை திராட்டில் பொருத்தும் முறை

மலைச்சரிவுத் தோட்டங்களிலும், கரடுமுரடான வண்டிப்பாதைகளையுடைய கிராமங்களிலும் பழைய ஜீப் வண்டிகளை இன்றளவும் பேணி வைத்திருக்கும் நிலக்காரர் பலர். பாரம் ஏற்றுவதோடு நில்லாமல், வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, அதன் எஞ்சினைக் கொண்டு தண்ணீர்ப் பம்பையோ கதிரடிக்கும் இயந்திரத்தையோ ஓட்டிக்கொள்ள விரும்புவோரும் அவர்களுள் உண்டு. இவ்வேலைகளுக்குக் கை திராட்டில் மிகவும் உபயோகமானது. ஆயினும் அதனைச் செவ்வனே பொருத்தாவிடினும், அதன் இயல்பை அறியாது கையாண்டாலும், எஞ்சின் பாழாவதோடு உயிருக்கும் ஆபத்து நேரக்கூடும். ஆகையால் அதைப் பொருத்தும் முறையும் கையாளும் முறையும் ஈண்டு விவரிக்கப்படுகின்றன.

கை திராட்டில் யாது?

பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டருக்குள் வட்டமான சிறு கதவு ஒன்று உண்டு. அது திறக்கத் திறக்கக் காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி மிகுதியாக உட்சென்று எஞ்சின் வேகங்கொள்ளும். காலால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இக்கதவே திறக்கின்றது. காலை எடுத்தவுடன் ஒரு சுருள்வில் அதனை மூடிவிடுகின்றது. இதே கதவை, ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் ஒரு குமிழை இழுத்துத் திறந்து, இழுத்த நிலையிலேயே நிறுத்தி வைப்பதற்கான சாதனமே கை திராட்டிலாகும்.

இது புதிய யோசனையன்று. 1941 முதல் 1945 வரை இராணுவத்திற்கென அமெரிக்காவில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பிலேயே இக்குமிழ் இருந்தது. 1945-ல் அதே கம்பெனியார் விவசாயிகளுக்கென வெளியிட்ட சி.ஜே.2ஏ வண்டிக்குப் பி.டி.ஓ. என வழங்கும் விசைத்தண்டும், வேகத்தைத் தானே காக்கும் கவர்னர் என்னும் கருவியும் வேண்டுவோருக்குத் தனியே கிடைத்தன. இந்தியாவிலும் 1940-களின் இறுதியில் மகீந்திரா தொழிலகத்தார் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகத் தருவித்துப் பூட்டி விற்கலாயினர். கைமாறிக் கைமாறி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் இக்குமிழ் இப்போது இல்லை, அல்லது கம்பி அறுந்து கிடக்கின்றது.

பொருத்தும் முறை

வேண்டிய பொருள்கள் சிலவே. இழுத்த இடத்தில் நிற்கும் பூட்டுள்ள குமிழும், உறைக்குள் ஓடும் ஒற்றை எஃகுக் கம்பியும் சேர்ந்த கேபிள் ஒன்று. உறையின் முனையை எஞ்சினருகே பிடித்து நிறுத்த ஒரு தகட்டுப் பிடி. கம்பியின் நுனியில் திருகால் இறுக்கத்தக்க சிறு பித்தளைத் தடை ஒன்று. இவை மோட்டார் உதிரிபாகக் கடைகளில் கிடைப்பவையே.

முதலாவதாக, ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் குமிழை அமைக்க வேண்டும். ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பும்போதோ, முழங்கால் பட்டோ அது இழுபடலாகாது. கம்பி தகட்டுச் சுவரைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இடுக. இல்லையேல் தகட்டின் விளிம்பு நாளடைவில் உறையை அறுத்துவிடும்.

இரண்டாவதாக, கேபிளைக் கூரிய வளைவின்றிக் கொண்டுசெல்க. புகைபோக்கிக் குழாயின் சூடு அதற்குத் தாக்கலாகாது. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மீது அசைந்தாடுவதாகையால், கேபிளை விறைப்பாகக் கட்டாமல் சிறிது தொய்வு விடுதல் அவசியம். விறைப்பாகக் கட்டினால் எஞ்சின் ஆடுந்தோறும் திராட்டில் தானே திறந்து மூடும்.

மூன்றாவது அமிசமே பிரதானமானது. கம்பியைத் திராட்டில் கைப்பிடியோடு இறுகப் பிணைத்தல் கூடாது. கைப்பிடியிலுள்ள துளையின் வழியே கம்பி தாராளமாக வழுக்கிச் செல்ல வேண்டும். அதற்கு அப்பால், கம்பியின் நுனியில், பித்தளைத் தடையை இறுக்க வேண்டும். குமிழை இழுத்தால் தடை வந்து கைப்பிடியில் முட்டி அதனை இழுத்துத் திறக்கும். காலால் மிதித்தாலோ, கைப்பிடி தடையை விட்டு நகர்ந்து, கம்பியின்மீது வழுக்கித் தன்போக்கில் திறக்கும். இதற்கு இசைவாக, கைப்பிடி திறக்கும்போது எத்திசையில் நகர்கின்றதோ அத்திசையில் உறையின் முனை இருக்குமாறு தகட்டுப் பிடியை அமைத்திடுக. குமிழ் முற்றிலும் உள்ளே இருக்கையில் தடைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஏறக்குறைய 1/8 அங்குலம் இடைவெளி இருத்தல் நன்று.

பழைய சுருள்வில்லை ஒருபோதும் அகற்றலாகாது. அது தளர்ந்திருந்தால் புதிது மாற்றுக. குமிழைத் தள்ளுவதால் மட்டுமே திராட்டில் மூடும் என்ற நிலை ஏற்படுமாயின், அவ்வண்டி சாலைக்குத் தகுதியற்றது.

சோதனை

எஞ்சினைக் கிளப்புமுன் ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்துச் சட்டென விட, மற்றொருவர் கார்புரேட்டரைக் கவனிக்க வேண்டும். பத்து முறை மிதித்தாலும் பத்து முறையும் கதவு தடங்கலின்றி மூட வேண்டும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதும் திருப்பியும் இவ்வாறே பார்க்க. பின்னர் எஞ்சினைக் கிளப்பி, குமிழை இழுத்து, மீண்டும் உள்ளே தள்ளினால் எஞ்சின் பழைய மெதுவான ஓட்டத்திற்குத் திரும்புகின்றதா என நோக்குக.

கவர்னர் வேறு, கை திராட்டில் வேறு

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பெருஞ்சேதம் விளைகின்றது. கவர்னரானது பாரம் கூடினால் கதவைத் திறந்தும், பாரம் குறைந்தால் மூடியும் வேகத்தை ஒரே நிலையில் காக்கும். கை திராட்டிலோ கதவை ஒரே நிலையில் நிறுத்துமேயன்றி, வேகத்தை நிறுத்தாது. கதிரடிக்கும் இயந்திரத்தில் அரிக்கட்டு நுழையும்போது எஞ்சின் தளரும். கட்டு நின்றதும் சீறிப் பாயும். பம்பை ஓட்டும்போது தண்ணீர் மட்டம் இறங்கி உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால், பாரம் ஒரு நொடியில் அற்றுப்போகும். எஞ்சின் அப்போது கட்டுக்கடங்காத வேகங்கொள்ளும். அந்நேரத்தில் அருகில் ஆள் இல்லாவிடில் எஞ்சின் உடையும். பெல்ட்டோ தண்டோ பிய்ந்து தெறித்து ஆளையும் கொல்லும்.

சிறிது வேகம் மிகுதியானால் என்ன என்று எண்ணுதலும் தவறு. சுழற்பம்பின் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அதற்கு வேண்டிய விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். விசைத்தண்டுக் கருவிகளுள் பல நிமிஷத்திற்கு 540 சுற்றுக்கென்றே செய்யப்பட்டவை. ஆகவே சுற்றளக்கும் கருவியால் ஒருமுறை அளந்து, குமிழ் நிற்க வேண்டிய இடத்தில் அடையாளம் இட்டுக்கொள்வது உத்தமம்.

டீசல் எஞ்சின்களில் எரிபொருள் பம்போடு கவர்னரும் அமைந்திருத்தலால், இவ்வபாயம் பெரும்பாலும் குறைவு. ஆயினும் அவற்றிலும் எஞ்சினை நிறுத்தும் இழுகம்பி சரியாக வேலை செய்கின்றதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

கையாளும் விதிகள்

நிறுத்தி வேலை வாங்கும்போது கைப்பிரேக்கைப் போட்டு, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுக்க. சுழலும் தண்டிற்கு மூடி இல்லாமல் வேலை தொடங்கற்க. தொங்கும் துண்டும் வேஷ்டி முனையும் அதற்கருகே ஆகா. ஓடாது நிற்கும் வண்டிக்கு எதிர்காற்று இராதாகையால், ரேடியேட்டரின் சூட்டையும் எண்ணெய் அழுத்தத்தையும் அடிக்கடி பார்க்க. மூடிய கொட்டகைக்குள் ஓட்டினால் புகையிலுள்ள நச்சு வாயு ஆளை மயக்கிக் கொல்லும்.

கல்லும் பள்ளமுமான பாதையில் மிகமெதுவாகச் செல்லும்போது, உடல் குலுங்கக் காலும் குலுங்கி எஞ்சின் விட்டுவிட்டு இழுக்கும். அங்கே குமிழைச் சிறிது இழுத்து வைத்தால் வண்டி நிதானமாக ஏறும். ஆனால் சாலையை அடையுமுன் குமிழை முற்றிலும் உள்ளே தள்ளிவிடல் கட்டாயம். குமிழ் திறந்திருக்கையில் காலை எடுத்தாலும் எஞ்சின் அடங்காது. பிரேக்கை மிதித்தாலும் எஞ்சின் அதனை எதிர்த்து இழுக்கும். இறக்கத்தில் இது பெருங்கேடாகும். குமிழ் சிக்கிக்கொண்டால் கிளட்சை மிதித்து, உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவதே வழி. அதன்பின் வண்டியைப் பிரேக்கினால் அடக்குக. வண்டியை ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இதனைச் சமநிலத்தில் பழக்கிவிடுதல் உடையவரின் கடமை.

பதிவு பெற்ற வண்டியில் எவ்வித மாறுதல் செய்யுமுன்பும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நலம். கிராம அதிகாரிகளும் தத்தம் கிராமத்தில் ஜீப்பைக் கொண்டு பம்பும் கதிரடிக்கும் இயந்திரமும் ஓட்டுவோரிடம், தண்டிற்கு மூடி உண்டா, வேலை நடக்கும்போது குமிழருகே ஆள் நிற்கின்றாரா என்னும் இவ்விரண்டையும் விசாரித்து வற்புறுத்துவார்களாயின், பல விபத்துக்களைத் தவிர்க்கலாம். கம்பியும் குமிழும் சொற்ப விலையில் கிடைக்கும். அருகில் நிற்கும் ஆளின் கவனத்தைத்தான் எக்கடையிலும் வாங்க இயலாது.