சிரைக்குச் சிரை வேறு

பள்ளிக்கூடப் பாடப் புத்தகம் இரத்தத்தைச் சுத்தம், அசுத்தம் என்று இரண்டே ஜாதியாகப் பிரித்து, முன்னதற்குச் சிவப்பும் பின்னதற்கு நீலமும் பூசிவிடுகிறது. பிராணவாயு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் இப்பிரிவினை பொருந்தும்: நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் 100 மில்லிலிட்டரில் சுமார் 20 மில்லிலிட்டர் பிராணவாயு இருக்க, தேகமெங்கும் சுற்றி இருதயத்துக்குத் திரும்பும்போது 15 எஞ்சுகிறது. (நீல இரத்தம் மனித சரீரத்தில் எங்குமில்லை, கருஞ்சிவப்பைத்தான் அப்படி வரைகிறார்கள்.) மற்றச் சரக்குகளைக் கணக்கில் சேர்த்த மாத்திரத்திலோ பிரிவினை குழம்பிப்போகிறது.

இருதயம் ஓய்விலே நிமிஷந்தோறும் வெளியேற்றும் ஏறக்குறைய 5 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இரு சிறுநீரகங்களும் பெற்றுக்கொள்வது தம் பசிக்காக அன்று, வடிகட்டும் தொழிலுக்காகவே ஆதலால், பிராணவாயுவை அவை சொற்பமாகவே தொட்டு, யூரியாவில் ஒரு பகுதியைக் கழித்து அனுப்புகின்றன. ஆகவே, சிறுநீரகத்தை விட்டு வெளிவரும், புத்தகம் நீலம் பூசிய சிரையில் ஓடுவதே யூரியா மிகக் குறைந்த இரத்தம். நிறத்திலும் அது மற்றச் சிரைகளினுடையதைவிட நல்ல சிவப்பு.

கல்லீரலின் விஷயம் இன்னும் விசித்திரமானது. சர்க்கரையை உண்டாக்குவது தாவரங்களின் தனிச்சொத்து, பிராணிகள் அதை அழிக்கவே வல்லவை என்று வித்வான்கள் நம்பியிருந்த காலத்தில், இறைச்சி மட்டுமே தின்ற நாயின் கல்லீரலைக் கடந்து வரும் இரத்தத்தில் சர்க்கரை இருக்கக் கண்டவர் பிரெஞ்சு தேசத்து கிளோத் பெர்னார், ஆண்டு 1848. அச்சர்க்கரைக்கு மூலமான கிளைக்கோஜனை அவர் பிரித்தெடுத்தது 1857-ல். போஜனம் முடிந்த வேளையில் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரையில் சர்க்கரை மிகுதி, வெளிவரும் சிரையில் குறைவு. பட்டினி கிடந்தாலோ கணக்கு தலைகீழாகிறது, நெல்லை வாங்கி வைத்த பத்தாயம் பஞ்சத்தில் அளந்து கொடுப்பதுபோல. உள்ளே போகும் அம்மோனியாவும் அங்கே யூரியாவாக மாறிவிடுவதால், யூரியா மிகுந்த இரத்தம் எங்கே என்று கேட்டால் கல்லீரலை விட்டு வெளிவரும் சிரையைத்தான் காட்டவேண்டும்.

கருமையில் முதலிடம் இருதயத்தின் சொந்தச் சிரைக்கு உரியது. ஊருக்கெல்லாம் இரத்தம் இறைக்கும் இந்தத் தசை, தனக்கென்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே வைத்துக்கொண்டு, 20 மில்லிலிட்டர் பிராணவாயுவில் 5 அல்லது 6 மட்டுமே மிஞ்சும்படி உறிஞ்சிவிடுகிறது. ஓய்விலேயே இவ்வளவு எடுத்துக்கொள்வதால், மாடிப்படி ஏறும்போது கூடுதலாகப் பிழிந்துகொள்ள அதற்கு அதிகமாக எதுவும் மீதியில்லை. தன் நாளங்களை விரித்து, வரும் இரத்தத்தையே பெருக்கிக்கொள்ள வேண்டும். நாளம் அடைபட்டவருக்கு ஐந்தாறு படியிலேயே நெஞ்சு வலிப்பது இதனால்தான்.