மீனைக் கேளு... ஆறு வந்த வழி சொல்லும்!

ஒரு ஆறு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி எந்தப் பக்கம் ஓடிச்சுன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க? 'மணலைத் தோண்டு, கூழாங்கல்லைப் பாரு, சேட்டிலைட் படத்தை எடு'ன்னு அடுக்குவீங்க. சரிதான். கல் சிற்பத்துக்குப் பேர் போன மயிலாடிக்காரங்க நாங்க. கல்லு சாட்சி சொல்லும்னா உடனே நம்பிடுவோம். ஆனா இன்னொரு சாட்சியும் இருக்கு மக்களே. அது மீன்!

ஆயுள் கைதி!

மலை ஓடையில வாழுற நன்னீர் மீனோட நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மேல போனா மலை முகடு, தாண்ட முடியாது. கீழ போனா கடல், உப்புத் தண்ணி ஒத்துக்காது. ஆக, பிறந்த ஆறுதான் அதுக்கு ஆயுள் சிறை. அப்படிப்பட்ட மீனோட நெருங்கின சொந்தம், சம்பந்தமே இல்லாத இன்னொரு ஆத்துல இருந்தா? ஒரு காலத்துல அந்த ரெண்டு ஆத்துத் தண்ணியும் கை கோத்திருக்கணும். (பனையேறிக் கெண்டை மாதிரி தரையில தவழுற ஆசாமிகள் இந்த ஆட்டத்துக்கு லாயக்கில்லை!)

எப்படிக் கை கோக்கும்? நிலம் உயரும், தாழும். அப்போ ஒரு ஆறு பக்கத்து ஆத்தோட தலைப்பகுதியை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கும். இதுக்கு 'ஆற்றுக் கவர்வு'ன்னு பேரு. தண்ணியோட சேர்ந்து மீனும் கட்சி மாறிடும்!

ரெக்கார்ட் நோட் தத்துவம்

சரி, சொந்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? நம்ம காலேஜ் கதைதான். சீனியரோட ரெக்கார்ட் நோட்டை ரெண்டு பெஞ்ச் காப்பி அடிக்குது. முதல் பெஞ்ச் ஒரு எழுத்தைத் தப்பா எழுதும், கடைசி பெஞ்ச் வேற எழுத்தைத் தப்பா எழுதும். அதைப் பார்த்து அடுத்த செட், அடுத்த செட்னு எழுத எழுத, தப்பு கூடிக்கிட்டே போகும். ரெண்டு நோட்டையும் பக்கத்துல வச்சு வித்தியாசத்தை எண்ணினா, எத்தனை செட்டுக்கு முன்னாடி பிரிஞ்சாங்கன்னு சொல்லிடலாம்.

டி.என்.ஏ.வும் இப்படித்தான். அம்மா வழியா மட்டுமே வர்ற மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை எடுத்து, எழுத்து வித்தியாசங்களை எண்ணுவாங்க. வித்தியாசம் கம்மின்னா அண்மையில பிரிஞ்சவங்க, அதிகம்னா ஆதி காலத்துலேயே பாகம் பிரிச்சவங்க. இதுக்காக மீனைக் கொல்லணும்னுகூட இல்லை, துடுப்புல ஒரு சின்னத் துண்டு போதும்.

கொல்லம் சொன்ன சாட்சி

இதுக்கு அசத்தலான உதாரணம் நியூசிலாந்தில் இருக்கு. அங்கே நெவிஸ் ஆறு இப்போ வடக்கே ஓடி கிளுத்தா ஆத்துத் தொகுதியோட சேருது. ஆனா நெவிஸில் வாழுற கேலக்ஸியஸ் மீனோட டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தா, அது கிளுத்தா மீன்களைவிட தெற்கே இருக்கிற ஆறுகளோட மீனுக்குத்தான் நெருங்கின சொந்தம்! அந்தத் தெற்கத்தி மீனோட பேரு கொல்லம் கேலக்ஸியஸ். (நம்ம பக்கத்து ஊர் கொல்லம் இல்லீங்க, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில வர்ற கொல்லம்.) காரணம்? நெவிஸ் முன்பு தெற்கே ஓடின ஆறு. நிலம் மாறினதும் 'யு டர்ன்' அடிச்சிருக்கு. 2001-ல் ஜான் வாட்டர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இது. நிலவியல் சாட்சியும் மீன் சாட்சியும் அங்கே ஒத்துப்போச்சு.

நம்ம ஏரியாவுக்கு வருவோம்

கடைசிப் பனியுகத்துல, அதாவது சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் வாக்கில் கீழ இருந்துச்சு. பாக் விரிகுடா ஆழமே இல்லாத கடல், அதனால இலங்கைக்கு நடந்தே போகலாம். அப்படின்னா ரெண்டு பக்க மீனும் ஒண்ணாத்தானே இருக்கணும்? அங்கதான் ட்விஸ்ட்! 2004-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, மீன், தவளை, நண்டுன்னு பல உயிர்களோட டி.என்.ஏ.வை ஒப்பிட்டுச்சு. இலங்கையில் பல வம்சங்கள் தனியாவே கிளைச்சு வளர்ந்திருக்குன்னு தெரிஞ்சுது. தரை சேர்ந்தா மட்டும் போதாது. ஈர மலைக்காட்டு உயிருக்கு நடுவுல கிடந்த சமவெளியே தடுப்புச் சுவரா இருந்திருக்கலாம்.

குமரி மாவட்டத்துக்கே ஒரு ஸ்பெஷல் மீன் இருக்கு தெரியுமா? நம்ம மலையாத்துல கிடைச்ச ஒரு கெண்டை வகைக்கு 2010-ல் 'ரோஹனி'ன்னு பேர் வச்சாங்க, இலங்கை ஆய்வாளர் ரோஹன் பெத்தியகொடவைக் கௌரவிக்கிற விதமா. அதே ரோஹனும் சகாக்களும் 2012-ல் இந்த மீன் கூட்டத்துக்கே ரிச்சர்ட் டாக்கின்ஸ் பேரால் 'டாக்கின்சியா'ன்னு பேரினப் பேர் கொடுத்தாங்க. மலைக்கு அந்தாண்ட தாமிரபரணியில் அந்த ஆத்தோட பேரையே சுமக்கிற வேற டாக்கின்சியா இருக்கு. ஒரே மலைத்தொடர்... இந்தப் பக்கம் ஒரு இனம், அந்தப் பக்கம் ஒரு இனம்! 2020-ல் உருவத்தையும் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்து, மேற்குத் தொடர்ச்சி மலையில இந்தக் கூட்டத்துல இன்னும் மூணு புது இனங்களை அடையாளம் காட்டினாங்க. ஒவ்வொண்ணும் ஆறுகள் பிரிஞ்ச கதையோட ஒரு பக்கம்.

பக்கத்தைக் கிழிச்சுடாதீங்க!

இங்கதான் நமக்கு வேலை. ஆற்றுக் கவர்வை இயற்கை மட்டுமா செய்யுது? நாமளும் செய்றோம். பறளியாத்துத் தண்ணியைப் பாண்டியன் கால் வெட்டிப் பழையாத்துல சேர்த்தாங்க, நாஞ்சில் நாடு நெல்லறை ஆச்சு. மேற்கே ஓடின பெரியாத்துத் தண்ணி 1895-லிருந்து மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வைகைக்கு வருது, தேனி, மதுரைப் பக்கம் சோறு போடுது. பம்பை - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்புத் திட்டமும் பல வருஷமா பேச்சுல இருக்கு. தண்ணி வேணும், அதுல மாத்துக் கருத்து இல்லை. ஆனா ரெண்டு ஆறும் கலந்த பிறகு மீனும் கலந்துடும். அப்புறம் எது இயற்கை சேர்த்தது, எது கால்வாய் சேர்த்ததுன்னு டி.என்.ஏ.வில் பிரிச்சுப் படிக்கிறது பெரும்பாடு. அதனால கால்வாய் வெட்டுறதுக்கு முன்னாடி, ரெண்டு பக்க மீன்லயும் ஒரு துண்டு துடுப்பு எடுத்து ஆல்கஹாலில் போட்டு வச்சுடுங்கப்பா! ஆகுற செலவு ரொம்பக் கம்மி.

இன்னொரு ஆபத்து, குளத்துலயும் ஆத்துலயும் நாம கொண்டு விடுற வெளியூர் மீன்கள். திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் புகுந்தா உள்ளூர் மீனுக்கு இரையும் இல்லை, இடமும் இல்லை. சாட்சியே செத்துட்டா வழக்கு என்னாகும்? வீட்டுத் தொட்டி மீன் போரடிச்சா யாருக்காவது கொடுங்க, ஆத்துல மட்டும் விடாதீங்க.

நீங்களும் இறங்கலாமா?

தாராளமா! தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் மீன்வள அறிவியல் படிக்கலாம். மீன் மரபியலுக்குன்னே லக்னோவில் தேசிய மீன் மரபியல் வள நிறுவனம் இருக்கு. எங்களை மாதிரி இன்ஜினீயரிங் பசங்களுக்கும் சான்ஸ் உண்டு. உலகம் பூரா ஆய்வாளர்கள் போட்டு வைக்கிற டி.என்.ஏ. வரிசைகள் 'ஜென்பேங்க்' தளத்துல இலவசம். அதை ஒப்பிட்டுக் குடும்ப மரம் வரையுற 'மெகா' சாஃப்ட்வேரும் இலவசம். அந்த மரத்துக்குப் பின்னாடி ஓடுறதெல்லாம் நாம செமஸ்டர்ல படிக்கிற அல்காரிதம்தான்.

அடுத்த தடவை பழையாத்துப் பாலத்துல நின்னு கீழ பார்க்கும்போது, கூட்டமா ஓடுற அந்தக் குட்டிக் கெண்டைகளைச் சும்மா விட்டுடாதீங்க. ஒவ்வொண்ணுக்குள்ளேயும் ஒரு பழைய ஆத்து மேப் நீந்திட்டு இருக்கு!